மை அடைத்த கட்டம்

முதல் லெவலில் அந்தக் கறுப்பு இருக்கவே கூடாது.

தமிழ்மாறன் லுங்கி முனையால் லேப்டாப் திரையைத் துடைத்துப் பார்த்தான். அரியலூரில் எதைத் துடைத்தாலும் துணியில் வெள்ளையாகத்தான் ஒட்டும். சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டிலிருந்து மூன்றாவது வீடு அவனுடையது. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். இப்போதும் வெள்ளைத் தூசிதான் வந்தது. கறுப்பு அப்படியே நின்றது. திரையின் இடது ஓரத்தில், சாட்டை சேந்தன் மேலிருந்து குதித்து ஆட்டத்தைத் தொடங்குகிற இடத்துக்குப் பின்னால், சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு திட்டு. தலை போல ஒரு மேடு, தோள் போல ஒரு சரிவு, அதற்குக் கீழே கை கால் என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை.

அது எட்டாவது லெவலின் கடைசியில் நிற்க வேண்டியது. சரியாகச் சொன்னால், அங்கேயும் இப்போது நிற்கக் கூடாது. போன வாரம்தான் அதை அவன் தன் கையாலேயே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு உருவம் வரைந்து வைத்திருந்தான்.

"சனியனே, நீ எங்க இங்க வந்த?" என்றான் வாய்விட்டு. வீட்டில் யாரும் இல்லாததால் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள்மேல் எரிந்துதான் விழுந்திருப்பான்.

எரிந்து விழக் காரணம் இருந்தது. தொண்ணூறுகளில் 'சாட்டை சேந்தன்' என்று ஒரு சித்திரக்கதை வந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும், சாணித்தாளில் அச்சடித்த புத்தகம். அதில் 'பாதாளக் கோட்டை' என்ற கதையை யாரோ இரண்டு பேர் திருச்சியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து டிவி கேமாக மாற்றிக் கேசட் போட்டார்கள். சேந்தன் இடமிருந்து வலமாக ஓட வேண்டும், குதிக்க வேண்டும், வௌவாலையும் எலும்புப் படையையும் சாட்டையால் அடித்துக்கொண்டே எட்டு லெவல் தாண்டி, சுண்ணாம்புச் சுரங்கத்தின் அடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கும் மனைவியை விடுவிக்க வேண்டும். மூன்று உயிர். நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது. மூன்றும் போனால் மறுபடி முதலிலிருந்து. இதையெல்லாம் சலிக்காமல் ஆடிய அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் கட்டலாம். தமிழ்மாறனும் அந்தக் காலத்துப் பிள்ளைதான் என்பது வேறு விஷயம்.

சென்னையில் ஒரு கம்பெனி அந்த கேமைத் தூசி தட்டி மறுபடி வெளியிடுகிறது. பழுதுகளைச் சரிசெய்து, படங்களைப் புதுப்பித்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் ஆடிய ரெக்கார்டிங்கை வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். வெட்டு ஒட்டு இருக்கக் கூடாது. அது சரியாக அமைந்தால் நிரந்தர வேலை. அமையாவிட்டால் அவ்வளவுதான். போன வருஷம் சென்னை ஆபீஸில் அவனை வீட்டுக்கு அனுப்பியபோது ஏன் என்று அண்ணன் கேட்டார், மச்சான் கேட்டான், காய்கறிக்காரர்கூடக் கேட்டார். கேட்காதவள் மனைவி புவனேஸ்வரி ஒருத்திதான். மூட்டையைக் கட்டிக்கொண்டு அவனோடு அரியலூர் வந்தாள், வாலிகண்டபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பிப் பெரம்பலூரில் பஸ் மாறிப் போய் மாலை ஆறுக்குத் திரும்புகிறாள். அவள் முகத்தில் ஒரு நாளாவது நிம்மதியைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு இப்போது வேறு ஆசை எதுவும் இல்லை. அதற்கு இந்தப் பாழாய்ப்போன கேம் முடிய வேண்டும்.

கேம் முடியவில்லை. கறுப்பு விடவில்லை.

முதல் லெவலில் அது தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இரண்டாவது லெவலில் சேந்தனுக்கு ஒரு சாண் பின்னால். மூன்றாவதில் அதைவிடக் கொஞ்சம் கிட்டே. அது நடப்பதைப் பார்க்க முடியாது. அவன் வௌவாலைக் கவனித்துவிட்டுத் திரும்பினால் நெருங்கியிருக்கும். சாட்டையால் அடித்தால் சாட்டை உள்ளே போய் வெளியே வந்தது. வேகமாக ஓடினாலும் அதே தூரம், நின்றாலும் அதே தூரம். எட்டாவது லெவலில், சங்கிலிக்குப் பத்தடி முன்னால், சேந்தனின் முதுகைத் தொடும். சேந்தன் கீழே விழுவதில்லை, கத்துவதில்லை. காலிலிருந்து தலைவரை கறுப்பாகி அப்படியே நிற்பான். மூன்று உயிரும் ஒரேயடியாகப் போய்விடும். ஐம்பது நிமிஷ உழைப்பு வீண். இது மாதிரிப் பதினேழு முறை ஆகிவிட்டது. பதினெட்டாவது முறை ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் எறிந்தான். அப்புறம் அவனே போய்ப் பொறுக்கி, உடைந்த மூலையை டேப் போட்டு ஒட்டினான்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து சுவாதி கூப்பிட்டாள். இந்த வேலையை ஒருங்கிணைப்பவள் அவள்தான்.

"சார், அந்தக் கறுப்பு பேட்ச்ச எடுத்துட்டு ஆடுங்களேன்."

"எடுக்கறதுக்கு அது எங்கயும் இல்ல மேடம். படம் இருக்கற ஃபைல் எல்லாத்தையும் சல்லடை போட்டுட்டேன். கோடுலயும் இல்ல."

"இல்லாதது ஸ்க்ரீன்ல எப்படி சார் தெரியும்?"

"அதத்தான் நானும் ஒரு வாரமா கேட்டுட்டிருக்கேன்."

"கோவப்படாதீங்க சார். ஒரிஜினல் புக்ல டச்-அப் பண்ணினவர் நம்பர் எங்ககிட்ட இருக்கு. தர்மன்னு பேரு. ஜெயங்கொண்டத்துலதான் இருக்காராம். கேட்டுப் பாருங்க."

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவன் நூறு தடவை பார்த்திருப்பான். ஆறு கட்டம். ஆறாவது கட்டத்தில் சேந்தன் அறுந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கறுப்புத் திட்டைப் பார்த்து "இனி உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு நிற்பான். கேம் செய்த திருச்சிக்காரர்கள் அதை அப்படியே பார்த்து, மனைவி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு திட்டை வைத்துவிட்டார்கள். அதற்கு முகம் வேண்டும் என்று கம்பெனி கேட்டதால்தான் இத்தனையும்.

தர்மன் ஐந்தாவது முறை அடித்தபோது எடுத்தார். வயசான குரல். பின்னால் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துவிடுகிற சத்தம் கேட்டது.

"போர்டு எழுதணுமா?"

"இல்லங்கய்யா. சாட்டை சேந்தன் புக்ல கடைசிக் கட்டத்துல கறுப்பா ஒண்ணு இருக்கே, அது என்னன்னு..."

சத்தம் நின்றது. "அது அவன் பொண்டாட்டி."

"தெரியும்ங்கய்யா. ஏன் கறுப்பா இருக்கு?"

"வரைஞ்சவரு தோள் தெரியிற மாதிரி வரைஞ்சுட்டாரு. குடும்பத்துல படிக்கிற புத்தகம், ரவிக்கை போட்டு உடுய்யான்னாரு மொதலாளி. அதான் என் வேலையே. ரவிக்கை வரையிறது, முந்தானைய இழுத்து உடறது. அன்னிக்கி அச்சுக்கு பிலிம் எடுக்க ஆளு வந்து நிக்கிறான். ரவிக்கைக்குக் கை வைக்கவும் கோடு இழுக்கவும் நேரமில்ல. பிரஷ்ஷ இந்தியன் இங்க்குல முக்கி மொத்தமா அடைச்சு உட்டேன். நெழலுன்னு நெனச்சுக்குவாங்கன்னு."

தமிழ்மாறனுக்குச் சிரிப்பு வர வேண்டியது, எரிச்சல் வந்தது. ஒரு ரவிக்கைக்குச் சோம்பல் பட்ட ஆளால் அவன் ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறான்.

"நீங்க அத எடுத்துட்டீங்களா தம்பி?"

"எடுத்துட்டு வேற பொண்ணு வரைஞ்சிருக்கேன்."

"யாரப் பாத்து வரைஞ்சீங்க?"

"அது எதுக்குங்க உங்களுக்கு?"

"சும்மாத்தான் கேட்டேன்." பிரஷ்ஷைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நான் கறுப்பத் தொட்டு வருசமாச்சு. போர்டுக்கெல்லாம் நீலந்தான்."

"நாலு தடவ அடிச்சேன், வீட்ல யாருமே எடுக்கல. அதான் திரும்பத் திரும்ப..."

"வூட்டுல ஆளு இருக்கு. இப்பல்லாம் அது பேசறதில்ல," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அன்று மாலை புவனேஸ்வரி வந்தபோது அவன் எட்டாவது லெவலில் இருந்தான். கைப்பையைக் கழற்றாமலே அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள். பஸ்ஸின் வியர்வையும் சாக்பீஸும் கலந்த வாடை அவளிடம் எப்போதும் வரும். அன்று இன்னொரு வாடையும் சேர்ந்திருந்தது. சூடம் எரிந்து அணைந்த மாதிரி, கொஞ்சம் அரக்கு மாதிரி.

"இது நானா?" என்றாள்.

சங்கிலியில் கட்டியிருந்த பெண் கண்ணைச் சிமிட்டி, தலையைத் திருப்பி, மறுபடி சிமிட்டினாள். வலது தோளில் முன்பக்கமாக விழுகிற பின்னல். மாம்பழ நிறச் சேலை. நெற்றி மேட்டில் புவனாவுக்கு இருக்கிற சின்னத் தழும்புகூட ஒரு புள்ளியாக இருந்தது.

"வேற யார் மூஞ்சி எனக்கு மனப்பாடமா தெரியும்?" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாங்க. யார் யாரோ பாப்பாங்க. மாத்திருங்க."

"அசையறதுக்கு ஆறு படம் புவனா. மறுபடி வரைய ரெண்டு நாளாகும். வியாழக்கெழம குடுக்கணும்."

"எனக்கு என்னமோ போல இருக்கு. சொன்னா கேளுங்க."

"சரி, மாத்தறேன். இப்ப நகரு, வெளிச்சம் மறைக்குது."

சொல்லி முடிப்பதற்குள் கறுப்பு சேந்தனைத் தொட்டுவிட்டது. அவன் மேசையை ஓங்கிக் குத்தினான். "பேசிப் பேசியே கெடுத்தியா?" என்று கத்தினான். அவள் உள்ளே போனாள். பாத்திரம் விளக்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவன் மாற்றவில்லை. மாற்றுவதாகச் சொன்னதே அவளை அந்த இடத்திலிருந்து அனுப்புவதற்காகத்தான். அது தப்பு என்று அவனுக்கே தெரியும். வேலை முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

புதன்கிழமை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. முதலில் சுவரில் பல்லி என்று நினைத்தான். அப்புறம் அடுத்த வீட்டில் யாரோ பெருக்குகிறார்கள் என்று நினைத்தான். ஈரமான எதையோ சொரசொரப்பான தாளில் மெதுவாக இழுக்கிற சத்தம். சர்ரென்று ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி, மறுபடி சர்ரென்று ஒன்று. ஹாலில் நின்றால் படுக்கையறையில் கேட்டது, படுக்கையறைக்குப் போனால் பீரோவுக்குள். பீரோவைத் திறந்தான். புவனாவின் சேலைகள் வரிசையாக மடித்து இருந்தன. மாம்பழ நிறச் சேலையின் முந்தானை ஓரம் விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. தொட்டான். ஈரம். மணிக்கட்டுவரை தேய்த்துக் கழுவியும் விரல் நுனியில் கறுப்பு போகவில்லை. சோப்பு போதாது என்று மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தான்.

அவளிடம் சொல்லவில்லை. அவளும் ராத்திரி, "கழுத்துல என்னமோ ஒட்டுன மாதிரியே இருக்கு, பாருங்க," என்றாள். பார்த்தான். ஒன்றும் இல்லை. "தூசியா இருக்கும், தூங்கு," என்றான்.

வியாழக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று மூன்று நாள் முன்பே அறிவித்திருந்தார்கள், அவன்தான் கவனிக்கவில்லை. "வேற நாளே கெடைக்கலியாடா உங்களுக்கு," என்று எதிர் வீட்டு மின்கம்பத்தைப் பார்த்துத் திட்டினான். கம்பம் பாவம், அது என்ன செய்யும். பழைய லேப்டாப்பின் பேட்டரி நூறு சதவீதம் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். இரண்டு ஆட்டம். அதற்குள் முடிக்க வேண்டும்.

காலையில் ஒரு ஆட்டம் போனது. ஆனால் அதில் ஒன்று தெரிந்தது. எட்டாவது லெவலில் சேந்தன் தவறுதலாக எகிறிக் குதித்து, சங்கிலியையும் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டான். அவனுக்கும் கறுப்புக்கும் நடுவில் அந்தப் பெண் நின்றாள். கறுப்பு சேந்தனை நோக்கி வரவில்லை. அவள் பக்கம் திரும்பியது. திரும்ப முகம் இல்லாவிட்டாலும் திரும்பியது தெரிந்தது. தமிழ்மாறன் பதறிப்போய் சேந்தனை மறுபடி முன்னால் கொண்டுவந்தான், அது அவனைத் தொட்டது, ஆட்டம் முடிந்தது.

அவன் லேப்டாப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். மின்விசிறி இல்லாத மத்தியானம் காதை அடைத்தது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை: ரோடு, வேப்பமரம், நிறுத்தியிருந்த லாரியின் தார்ப்பாய். உள்ளே அந்தச் சூட வாடை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒருத்தர் போதும், என்று அவனுக்குப் புரிந்தது. யார் கிட்டே இருக்கிறார்களோ அவர்கள். அந்த லெவலில் இருப்பதே இரண்டு பேர்தான்.

படம்தானே, என்று நினைத்தான். ஒரு விரல் உயரப் படம். நானே வரைந்தது. முகத்தை மாற்றிவிட்டு ஆடலாம் என்றும் நினைத்தான். அதற்கு நேரமும் இல்லை, பேட்டரியும் இல்லை, பொறுமை சுத்தமாக இல்லை.

மூன்றரைக்கு ஐம்பத்தோரு சதவீதத்தில் தொடங்கினான்.

அந்த ஆட்டத்தில் அவன் தப்பே செய்யவில்லை. இத்தனை நாளாகத் தடுக்கிய இடங்களிலெல்லாம் விரல் தானாகப் போனது. வௌவால், குழி, எலும்புப் படை, உடைகிற பாலம். லெவலுக்கு லெவல் கறுப்பு நெருங்கியது. நான்காவது லெவலில் அதன் ஓரம் தெரிந்தது. வெட்டினாற்போல இல்லை, பிரஷ் மயிர் பிரிந்து இழுத்தாற்போல இருந்தது. ஆறாவதில் அதற்கு உயரம் கூடியிருந்தது. அந்தச் சத்தம் தொடங்கியது. பீரோவிலிருந்து. பிறகு ஹாலிலிருந்து. பிறகு அவன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

திரும்பவில்லை. திரும்பினால் ஆட்டம் போய்விடும்.

எட்டாவது லெவல். பதினொரு சதவீதம். சர். ஒரு இடைவெளி. சர்.

சேந்தன் ஓடினான். சங்கிலி வந்தது. அவள் நின்றாள். பின்னல். மாம்பழ நிறம். கண்ணைச் சிமிட்டினாள். தலையைத் திருப்பினாள். அவன் வரைந்தது அவ்வளவுதான்: சிமிட்டல், திருப்பல், மறுபடி சிமிட்டல். அவள் மூன்றாவதாக ஒன்று செய்தாள். திரைக்கு வெளியே, நேராகத் தமிழ்மாறனைப் பார்த்தாள்.

அவன் குதிக்கும் பட்டனை அழுத்தினான்.

சேந்தன் அவளைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தான். நின்றான். கறுப்பு வந்தது. காலைத் தொட்டது. சேலை கறுத்தது. இடுப்பு. தோள். பின்னல். அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் பார்க்கவில்லை.

சாட்டை பூட்டில் பட்டது. சங்கிலி அறுந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மெட்டு பீப் பீப் என்று ஒலித்தது. சேந்தன் கறுப்புத் திட்டின் பக்கத்தில் போய் நின்றான், புத்தகத்தில் நிற்பது போலவே. 'வெற்றி' என்று எழுத்து வந்தது. வீட்டில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. தமிழ்மாறன் அழுதான். சந்தோஷம் என்றுதான் நினைத்தான்.

போன் நெட்டை வைத்து ரெக்கார்டிங்கை அனுப்பி முடித்தபோது மூன்று சதவீதம். ஒரு மணி நேரத்தில் சுவாதியிடமிருந்து செய்தி வந்தது: "சூப்பர் சார்! வைஃப் கேரக்டர முடிவுல ஒரிஜினல் மாதிரியே கறுப்பாக்கிட்டீங்க, நல்ல டச். உங்கள எடுத்துக்கறதா சொல்லிட்டாங்க. வாழ்த்துகள்."

புவனாவைக் கூப்பிட எடுத்தான். அதற்குள் அவளே கூப்பிட்டாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

"ஏங்க, பெரம்பலூர் தாண்டிட்டேன். இன்னிக்கி என்னமோ எல்லாருமே ஒரு மாதிரி இருக்காங்க. பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள எந்திரிச்சுப் போயி நின்னுக்கிட்டு வருது. கண்டக்டர் டிக்கெட்டே கேக்கல. என்னத் தாண்டிப் போறாரு."

"புவனா. உன் கைய பாரு."

"கையா? இருட்டிக்கிட்டு வருது, சரியாத் தெரியலங்க. ஈரமா இருக்கு. கம்பியில மை எதுவும் பூசியிருந்தானுங்களோ என்னவோ."

"எறங்கு. அங்கயே எறங்கு, நான் வண்டியெடுத்துட்டு வரேன்."

"எதுக்கு? அரியலூருக்கே வந்துருவேன் இன்னும் அரமணியில. வேல முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்பாடா," என்றாள். அவள் குரலில் அத்தனை நிம்மதியை அவன் ஒரு வருஷமாகக் கேட்டதில்லை. பஸ்ஸின் இரைச்சலுக்கு அடியில், அவள் காதுக்கு மிகக் கிட்டே, ஈரமாக ஒன்று தாளில் இழுபட்டது. சர். இணைப்பு அறுந்தது. அவன் மறுபடி மறுபடி அடித்தான். மணி போனது, எடுக்கவில்லை.

கரண்ட் வந்திருந்தது. அவன் வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் போட்டான். வண்டிச் சாவியைத் தேடி எடுத்தான். தெருமுனைவரை ஓடினான், எந்த பஸ், எந்த வழி, நடுவில் இறங்கிவிட்டாளா, நேராக வருகிறாளா என்று தெரியாமல், போகும்போது வழியில் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் திரும்பி ஓடி வந்தான். லேப்டாப்பைத் திறந்து ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினான். முதல் லெவலில் கறுப்பு இல்லை. சேந்தன் தனியாக நின்றான். தமிழ்மாறன் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். இத்தனை நாளாக எது போக வேண்டும் என்று சாமியைக்கூடத் திட்டினானோ, அது போய்விட்டிருந்தது.

ஆறேகாலுக்கு கேட் திறந்தது.

செருப்புச் சத்தம் அவளுடையதுதான். ஒரு காலைக் கொஞ்சம் தேய்த்து நடப்பாள். வாசலில் வந்து நின்றாள். டியூப்லைட் வெளிச்சம் அவள்மேல் விழுந்தது, ஆனால் எதிலும் படவில்லை. கழுத்துக்குக் கீழே சேலை இல்லை, மடிப்பு இல்லை, கை எது உடம்பு எது என்ற பிரிவு இல்லை. தட்டையாக ஒரு கறுப்பு. ஓரம் முழுக்க பிரஷ் மயிர் பிரிந்த கோடுகள், இன்னும் காயாமல் மினுங்கின. அதற்கு மேலே புவனாவின் முகம் இருந்தது. களைத்த முகம், கலைந்த முன்முடி. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்ன இப்படி நிக்கிறீங்க?" என்றாள். "வேல முடிஞ்சிருச்சுல்ல? சிரிக்கக்கூட மாட்டீங்களா?"

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"தொண்ட வறண்டு கெடக்குங்க. ஒரு சொம்பு தண்ணி..."

சர்.

அவளுடைய மோவாயில் தொடங்கி ஒரு காது வரைக்கும், விரல் அகலத்தில், யாருடைய கையும் இல்லாமல் ஒரு இழுப்பு போனது. வாய் இருந்த இடம் அடைபட்டது. அதற்கு அடியில் ஏதோ அசைந்துகொண்டே இருந்தது. அவள் பேசுவதை நிறுத்தவில்லை. சத்தம் வராதது அவளுக்குத் தெரியவில்லை. கண்கள் மட்டும் அவனைப் பார்த்து, இவருக்கு என்ன ஆச்சு என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டன.

பிறகு அந்தக் கறுப்பின் ஒரு பக்கம் மெல்லப் பிரிந்து, விரல்கள் இல்லாத ஒரு கையாக, தண்ணீருக்காக அவனை நோக்கி நீண்டது.